ஆளில்லா அரங்கில் ரெஸ்ல்மேனியா 36: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தொழில்முறை மல்யுத்த நிகழ்ச்சிகளை நடத்தும் டபிள்யூடபிள்யூஇ நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸ்ல்மேனியா 36, 2020 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா நகரின் ரேமண்ட் ஜேம்ஸ் மைதானத்தில் நடப்பதாக ஓராண்டுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 65,000 பேர் அமரக்கூடிய அந்த மைதானத்தில் அது நடக்கவில்லை. ஆர்லாண்டோவில் அந்நிறுவனம் புதுமுகங்களைப் பழக்குவதற்காக 2013-இல் திறந்த பயிற்சிக் கூடத்தில், ஒரு பார்வையாளர்கூட இல்லாமல், மார்ச் 25, 26 தேதிகளில் படம்பிடிக்கப்பட்டு, ஏப்ரல் 4, 5 ஆகிய இரண்டு இரவுகளில் ஒளிபரப்பானது. பார்வையாளர் இல்லாமல் நடந்த முதல் ரெஸ்ல்மேனியாவும், முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட முதல் ரெஸ்ல்மேனியாவும், இரண்டு நாளாகப் பிரிக்கப்பட்ட முதல் ரெஸ்ல்மேனியாவும் இதுவே.

நெருக்கடியான நாட்களில் ஒரு பெரிய நிகழ்ச்சியை நடத்துவதா, தள்ளிவைப்பதா, உருமாற்றுவதா என்ற கேள்வி எப்படிக் கையாளப்பட்டது, அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையே இந்த ஆய்வு பதிவுசெய்கிறது. நிர்வாகிகளையும், உடல்நலக் காரணங்களால் விலகியவர்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஒரு மோதலை அடையாளம் காட்ட வேண்டிய இடங்களில் மட்டும் களப்பெயர்கள் வருகின்றன. தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த நம் ஊர் வாசகர்களுக்கு அவற்றில் சில அறிமுகம் தேவைப்படாதவை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த முடிவை நோக்கி எந்த வேகத்தில் செல்வது என்பதைப் பெருமளவுக்குக் கூட்டமே தீர்மானிக்கிறது. அடிபட்டு விழுந்தவர் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும், எதிராளி எப்போது திரும்பிப் பார்த்து முறைக்க வேண்டும், தோள் தரையில் அழுந்திக் கிடக்க, நடுவர் தோல்வியை உறுதியாக்கும் மூன்றாவது எண்ணிக்கைக்குக் கையை ஓங்கும்போது அது எந்தக் கணத்தில் எழ வேண்டும் என்பதையெல்லாம் அனுபவமுள்ள வீரர்கள் அரங்கத்தின் ஓசையைக் காதில் வாங்கிக்கொண்டே முடிவுசெய்கிறார்கள். குத்து விழும் கணத்தில் தரையைக் காலால் மிதித்து எழுப்பும் ஓசையும், அடுத்த பிடி என்ன என்று ஒருவருக்கொருவர் முணுமுணுத்துக்கொள்வதும் கூட்டத்தின் இரைச்சலில் மறைந்துபோகும். ஆகவே கச்சேரிக்குப் பக்கவாத்தியம் எப்படியோ, இந்தக் கலைக்குக் கூட்டம் அப்படி. கிரிக்கெட்டைக் காலியான மைதானத்தில் ஆடினாலும் ஓட்டம் ஓட்டம்தான். இங்கே அப்படிச் சொல்லிவிட முடியாது.

பணத்தின் கணக்கு வேறு திசையைக் காட்டியது. 2019-இல் நியூஜெர்சியில் நடந்த முந்தைய ரெஸ்ல்மேனியாவின் நுழைவுச்சீட்டு வருவாய் 1.69 கோடி டாலர் என்று நிறுவனமே அறிவித்திருந்தது. பெரிய தொகைதான். ஆயினும் 2019 அக்டோபரில் தொடங்கியிருந்த ஒரு தொலைக்காட்சி ஒப்பந்தம் மட்டுமே ஐந்து ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் மதிப்புடையதாகப் பேசப்பட்டது. சீட்டு வாங்கி வருபவர் இல்லாமல் நிறுவனம் தாக்குப்பிடிக்கும். வாரந்தோறும் ஒளிபரப்பக் காட்சி இல்லாமல் தாக்குப்பிடிக்காது. இதை மனத்தில் கொள்ளாமல் பின்னர் எடுக்கப்பட்ட எந்த முடிவையும் புரிந்துகொள்ள முடியாது.

மார்ச் 11 முதல் 18 வரை

மார்ச் 11 அன்று உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா பரவலைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்றிரவே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தன் பருவத்தை நிறுத்திவைத்தது. மறுநாள் டாம்பா வட்டார அதிகாரிகள் கூடிப் பேசியபோதும் ரெஸ்ல்மேனியா ரத்தாகவில்லை. நிலைமையைப் பார்த்து அடுத்த வாரம் முடிவெடுக்கலாம் என்றே விடப்பட்டது. நிறுவனமும் தானாக முன்வந்து விலகவில்லை.

ஆனால் மார்ச் 13 வெள்ளிக்கிழமை, டெட்ராய்ட் நகரில் நடக்க வேண்டியிருந்த, நிறுவனத்தின் வாரத்தொடரான ஸ்மாக்டவுன் நிகழ்ச்சி ஆர்லாண்டோ பயிற்சிக் கூடத்துக்கு மாற்றப்பட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நேரலையில் ஒளிபரப்பானது. பயணச் சிக்கலைச் சமாளிக்கச் செய்த மாற்று ஏற்பாடு அது. திட்டமிடாமலேயே ஒத்திகையாகவும் அமைந்தது. வீரர் நுழையும்போது இசை முழங்குகிறது, அவர் வழக்கம்போல் இரு கைகளையும் விரித்து நிற்கிறார், எதிர்வினையாக எதுவும் வருவதில்லை. அந்த இரண்டு விநாடி மௌனத்தைப் பார்த்த எவருக்கும், மூன்று வாரத்தில் இதே கூடத்தில் மணிக்கணக்கில் நீளும் விழா நடத்தினால் என்ன ஆகும் என்ற கவலை வந்திருக்கும்.

மார்ச் 16 அன்று, டாம்பாவிலிருந்து நிகழ்ச்சி ஆர்லாண்டோவுக்கு மாற்றப்படுவதாகவும், இன்றியமையாத பணியாளர்கள் மட்டுமே இருப்பார்கள் என்றும் அறிவிப்பு வந்தது. அந்த வாரத்தைச் சுற்றி டாம்பா பகுதியில் நடக்கவிருந்த, நிறுவனத்தின் என்எக்ஸ்டி பிரிவுக்கான டேக்ஓவர் நிகழ்ச்சி ரத்தானது. முன்னாள் நட்சத்திரங்களைக் கௌரவிக்கும் புகழரங்க விழா தள்ளிப்போனது. பெருவிழாவுக்கு வரும் ரசிகர்களை நம்பி அதே நாட்களில் நிகழ்ச்சி வைத்திருந்த சிறு மல்யுத்தக் குழுக்களுக்கும் வழியில்லாமல் போயிற்று. மார்ச் 18 அன்று, நிகழ்ச்சி ஏப்ரல் 4, 5 ஆகிய இரண்டு இரவுகளாக நடக்கும் என்றும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து வரும் என்றும் அறிவித்தார்கள். ஒரே இரவுக்கு அடங்காத அளவு பெரியது என்ற விளம்பர வாசகமும் அதனோடு சேர்ந்துகொண்டது. விளம்பரப் பேச்சை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது நல்ல முடிவு: கூட்டத்தின் ஆரவாரம் இல்லாமல் ஏழு மணி நேர நிகழ்ச்சியை ஒரே அமர்வில் எவராலும் பார்த்திருக்க முடியாது.

தள்ளிவைக்கலாமே என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கே ஓராண்டு தள்ளிப்போயிற்று. மறுநாள் காலை ஆர்லாண்டோவில் படப்பிடிப்பு தொடங்கியது. நிறுவனம் தள்ளிவைக்காததற்குத் துணிச்சலைவிட, வாரத்தொடர்களின் கதை முழுவதும் இந்த ஒரு நாளை நோக்கியே கட்டப்பட்டிருந்ததும், அது நின்றால் அடுத்த வாரம் ஒளிபரப்ப எதுவுமில்லை என்பதுமே காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மார்ச் 16 அன்று, மற்றொரு வாரத்தொடரான ரா நிகழ்ச்சியின் நேரத்தை நிரப்ப ஜனவரியில் நடந்த ராயல் ரம்பிள் மோதலை முழுவதுமாக மறுஒளிபரப்புச் செய்திருந்தார்கள் என்பதே நெருக்கடியின் அளவைச் சொல்லிவிடும்.

படப்பிடிப்பும் விலகல்களும்

ஆர்லாண்டோ அமைந்துள்ள ஆரஞ்ச் வட்டத்தில், மார்ச் 26 இரவு 11 மணி முதல் மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. இரண்டு இரவுகளுக்கான மோதல்களும் அந்தக் கெடுவுக்குள் எடுக்கப்பட்டன. கூடத்துக்குள் வருவோரின் உடல் வெப்பநிலையைப் பார்த்து அனுப்பினார்கள். அனைவருக்குமான தொற்றுப் பரிசோதனை அப்போது இல்லை. அமெரிக்காவில் பரிசோதனைக் கருவிகளுக்கே தட்டுப்பாடு நிலவிய நாட்கள் அவை என்பது உண்மை. ஒருவர் மூச்சு இன்னொருவர் முகத்தில் படாமல் செய்யவே முடியாத தொழில் இது என்பதும் உண்மை.

முன்பு ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று மீண்டிருந்த முன்னணி வீரர் ஒருவர், கோல்ட்பெர்குடன் உலகப் பட்டத்துக்காக மோத வேண்டியவர், தாம் பங்கேற்கப்போவதில்லை என்று விலகினார். நிறுவனத்தின் முதன்மை முகமாக இருந்தவர் அவர். அவர் சொன்ன மறுப்பை ஏற்றுக்கொண்டது இந்த நிகழ்வில் நான் குறைசொல்ல முடியாத முடிவு. அவரது இடத்துக்கு ப்ரான் ஸ்ட்ரோமன் வந்தார். ஆனால் இந்த மாற்றத்தை விழாவுக்கு முந்தைய இரவு, ஏப்ரல் 3 ஒளிபரப்பில்தான், விரிவான விளக்கம் ஏதுமின்றித் தெரிவித்தார்கள். வாரக்கணக்கில் வளர்த்த ஒரு பகைக்கதை அறுந்து, முன்கதையே இல்லாத ஒருவர் பட்டத்துக்கு மோதியதைப் பார்ப்பவர்கள் தாமாகவே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொருவர் உடல்நலக் குறைவால் வராததால், மூன்று ஜோடிகள் மோதவேண்டிய ஜோடிப் பட்டத்துக்கு ஜோடிக்கு ஒருவராக மூவர் மட்டும் ஏணிப் போட்டியில் இறங்கினார்கள். மகளிர் பட்டப் போட்டியிலும் அறுவரில் ஒருவர் குறைந்து ஐவராயினர். இவற்றில் ஏணிப் போட்டி எதிர்பாராத விதத்தில் நன்றாகவே அமைந்தது: மேலே தொங்கிய பட்டங்களை மூவரும் ஒருசேரப் பற்றியிருக்க, கொக்கி கழன்று ஒருவர் மட்டும் இரண்டு பட்டங்களோடும் ஏணியின்மேல் மல்லாந்து விழுந்தார், விழுந்தவரே வென்றவர். ஜோடியில் ஆள் இல்லாமல் போனதால்தான் அந்த வேடிக்கையான முடிவு கிடைத்தது.

முடிவுகளைப் பத்து நாள் ரகசியமாகக் காப்பது அடுத்த கவலையாக இருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் முக்கிய முடிவுகள் பெரிதாக வெளியே கசியவில்லை.

திரையில் கண்டது

இந்திய நேரப்படி ஏப்ரல் 5 விடியற்காலை 4:30 மணிக்கு முதல் இரவின் ஒளிபரப்பு தொடங்கியது. இங்கே ஊரடங்கின் இரண்டாம் வாரம்; தெருவிலும் சத்தமில்லை, திரையிலும் சத்தமில்லை. செயற்கையான ஆரவாரத்தை ஒலிப்பதிவில் சேர்க்காமல் விட்டது நேர்மையான முடிவு. ஆனால் அந்த நேர்மை எல்லா மோதல்களுக்கும் ஒரே பலனைத் தரவில்லை.

வழக்கமான அமைப்பில், வழக்கமான வேகத்தில் நடந்த மோதல்கள் சோர்ந்தன. கெவின் ஓவன்ஸ் களத்தருகே நின்ற உயரமான ரெஸ்ல்மேனியா பெயர்ப்பலகையின் உச்சிக்கு ஏறி, வர்ணனையாளர் மேசைமேல் கிடந்த செத் ரோலின்ஸ் மீது பாய்ந்தார். அறுபதாயிரம் பேர் முன்னிலையில் ஆண்டுக்கணக்கில் பேசப்பட்டிருக்கக்கூடிய பாய்ச்சல். இங்கே மேசை உடையும் ஓசை கேட்டது, பிறகு வர்ணனையாளர்களின் குரல் கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. உயிரைப் பணயம் வைத்த ஒரு செயல் எதிரொலியில்லாமல் அடங்கியதைப் பார்ப்பது சங்கடமாக இருந்தது.

இரண்டாம் இரவில் எட்ஜ், ராண்டி ஆர்ட்டன் இருவரும் மோதிய, கடைசிவரை நிற்பவரே வெல்லும் போட்டி முப்பத்தாறு நிமிடங்களுக்கு மேல் நீண்டது. கழுத்துக் காயத்தால் 2011-இல் ஓய்வுபெற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவரின் முதல் ஒற்றையர் மோதல் என்பதால் நீளத்தைக் குறைக்க மனம் வந்திருக்காது. பயிற்சிக் கூடத்தின் உடற்பயிற்சி அறை, கூட்ட அறை, சரக்கு வைக்கும் பகுதி என்று ஒவ்வோர் இடமாக இருவரும் அடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். இடத்தைப் பயன்படுத்திய எண்ணம் சரியானது. ஆயினும் விழுந்தவர் எழுவதற்காக நடுவர் பத்துவரை எண்ணும் ஒவ்வொரு முறையும், மூச்சிரைப்பைத் தவிர வேறு ஓசையில்லாத அந்தப் பத்து விநாடி, கூட்டம் உடன் எண்ணாத காரணத்தால், மூன்று மடங்கு நீளமாகத் தோன்றியது. ஒரு வண்டியின் கூரைமேல் நடந்த கடைசிக் காட்சி உணர்ச்சிகரமானதுதான்; அதுவரை பொறுத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

குறுகிய மோதல்கள் தப்பித்தன. ஸ்ட்ரோமன் கோல்ட்பெர்கை வென்றது இரண்டு நிமிடச் சொச்சத்தில். இரண்டாம் இரவின் இறுதியில் ட்ரூ மெக்கின்டயர் ப்ராக் லெஸ்னரை வென்றதும் ஐந்து நிமிடத்துக்குள். வென்றவர் பட்டத்தை ஏந்தியபடி, யாருமில்லாத நாற்காலிகளைப் பார்க்காமல், நேராகக் கேமராவை நோக்கிக் கையை நீட்டினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திணறிய பலருக்கு நடுவில், பார்வையாளர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதைச் சரியாக உணர்ந்த செய்கை அது.

மிகப் பெரிய வெற்றி பெற்றவை களத்தையே விட்டு வெளியேறிய இரண்டு மோதல்கள். முதல் இரவின் கடைசி மோதலான போன்யார்ட் ஒரு மயானத்தைப் போல அமைத்த திறந்தவெளியில் இரவில் எடுக்கப்பட்டது. சவவண்டியில் வந்த பெட்டியிலிருந்து ஏஜே ஸ்டைல்ஸ் எழுந்து வருகிறார். அண்டர்டேக்கர் மோட்டார் சைக்கிளில் வருகிறார். மணியடிப்பு இல்லை, மூன்று எண்ணிக்கை இல்லை. எதிராளியைக் குழியில் புதைப்பவரே வென்றவர். கேமரா கோணம், பின்னணி இசை, படத்தொகுப்பு எல்லாம் திரைப்பட இலக்கணத்தில் அமைந்தன. புதைந்த குழியின் மண்ணுக்கு மேலே கையுறையணிந்த ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, வென்ற அண்டர்டேக்கர் வண்டியேறிச் செல்கிறார். ஐம்பதைத் தாண்டிய ஒருவரின் உடல் நேரலையில் காட்டியிருக்கும் தளர்ச்சியைப் படத்தொகுப்பு மறைத்தது. அதுவே அவரது கடைசி மோதலாகவும் அமைந்தது.

மறுநாள் வந்த ஃபயர்ஃப்ளை ஃபன்ஹவுஸ் என்ற மோதலில் மல்யுத்தம் என்று சொல்லத்தக்கது ஏறத்தாழ எதுவுமே இல்லை. ஜான் சீனாவை அவரது சொந்தத் தொழில்வாழ்க்கையின் காட்சிகளுக்குள்ளேயே ப்ரே வயட் இழுத்துச் செல்கிறார்: 2002-இன் முதல் மேடையேற்றம், ராப் பாடிய காலத்து உடை, 2014-இல் வயட்டைத் தோற்கடித்த அதே தருணம். முடிவில் சீனா மறைந்தே போகிறார். பின்னணி தெரியாதவர்களுக்கு இது புரிந்திருக்காது. தெரிந்தவர்களோ ஒரு கதாபாத்திரத்தின் மீதான கூர்மையான விமரிசனத்தை அந்தக் கதாபாத்திரத்தைக் கொண்டே நடத்தியதைக் கண்டார்கள். அறுபதாயிரம் பேர் முன்னால் இதை நடத்தியிருக்க முடியாது. மூன்றாம் நிமிடத்திலேயே சலசலப்பு கிளம்பியிருக்கும்.

தொடர்ந்து நடந்தவை

ஒளிபரப்பு முடிந்து ஒரு வாரத்துக்குள், திரையில் தோன்றுபவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியான செய்தி வெளிவந்தது. மார்ச் 26 படப்பிடிப்பு முடிந்தபின் வெளியில் ஏற்பட்ட தொடர்பால் அது வந்ததென்றும், அவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என்றும் நிறுவனம் விளக்கியது. அப்படியானால் தப்பித்தது சில மணி நேர இடைவெளியில்தான்.

ஏப்ரல் 9 அன்று மாநில அரசு, நாடளாவிய பார்வையாளர் கொண்ட தொழில்முறை விளையாட்டு, ஊடகத் தயாரிப்புப் பணியாளர்களை, பொதுமக்கள் அனுமதிக்கப்படாத இடமாயின், இன்றியமையாத சேவையாக வகைப்படுத்தியது. மருத்துவமனை, மளிகை வரிசையில் மல்யுத்தமும் சேர்ந்தது கேலிக்கும் கண்டனத்துக்கும் உள்ளானது. ஏப்ரல் 13 முதல் நேரலை மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 15 அன்று இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களும் பின்னணிப் பணியாளர்களும் பணிநீக்கமோ தற்காலிக விடுப்போ பெற்றார்கள். போன்யார்ட் மோதலில் ஏஜே ஸ்டைல்ஸின் கூட்டாளிகளாக நடித்த இருவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒளிபரப்பான பதினோராம் நாள். அந்த ஆண்டின் மொத்த வருவாய் 97.42 கோடி டாலர், முந்தைய ஆண்டின் 96.04 கோடியைவிட அதிகம், என்பது பின்னர் வந்த கணக்கு. இந்த இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இந்த நிகழ்வைச் சாதனையாக மட்டும் எழுதுவது சரியாகாது.

ஜூன் மாதத்தில் பயிற்சிக் கூடத்துக்கு வந்துசென்ற பயிற்சி வீரர் ஒருவருக்குத் தொற்று உறுதியான பிறகே பரவலான பரிசோதனை தொடங்கியது. ஆகஸ்ட் 21 முதல், ஆர்லாண்டோவின் ஆம்வே சென்டரில், வீட்டிலிருந்து பார்ப்போரின் முகங்களை ஏறத்தாழ ஆயிரம் எல்இடி திரைகளில் காட்டும் தண்டர்டோம் அமைப்பு வந்தது. அதில் பதிவுசெய்த ஆரவாரமும் சேர்க்கப்பட்டது. டாம்பாவுக்கு ரெஸ்ல்மேனியா 2021 ஏப்ரல் 10, 11 தேதிகளில் போய்ச் சேர்ந்தது. அதே ரேமண்ட் ஜேம்ஸ் மைதானத்தில், இரவுக்கு 25,675 பேர் என்ற எண்ணிக்கையோடு நடந்தது.

மறுமுறை செய்வதானால்

மார்ச் 11-க்கும் 16-க்கும் இடைப்பட்ட தயக்கம் நிறுவனத்துக்குப் பெரிய இழப்பைத் தரவில்லை. விமானச்சீட்டும் விடுதி அறையும் பதிவுசெய்திருந்த ரசிகருக்குத் தந்தது. டெட்ராய்ட் நிகழ்ச்சியை மாற்றிய அன்றே டாம்பாவையும் கைவிட்டிருக்கலாம். அந்த நாளில் தெரிந்திருந்ததற்கும் மூன்று நாள் கழித்துத் தெரிந்ததற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பரிசோதனை இல்லாமல் படம்பிடித்ததை அப்போதைய தட்டுப்பாட்டைக் காட்டி நியாயப்படுத்தலாம். ஏப்ரலுக்குப் பின்னும் ஜூன் நடுப்பகுதிவரை அப்படியே தொடர்ந்ததை நியாயப்படுத்த இயலாது. விலகும் உரிமை எல்லோருக்கும் இருந்தது என்று சொல்லப்பட்டாலும், விலகினாலும் இடம் பறிபோகாது என்ற உறுதி முதன்மை நட்சத்திரத்துக்கு இருந்த அளவு அடுத்த வரிசையில் நின்றவர்களுக்கு இருந்திருக்குமா என்பதை ஏப்ரல் 15-இன் பட்டியலைப் பார்த்தபின் கேட்காமல் இருக்க முடியவில்லை. விலகல்களுக்கு எழுத்தில் ஒரு காப்புறுதி முன்பே தரப்பட்டிருக்க வேண்டும்.

நிகழ்ச்சியமைப்பைப் பொறுத்தவரை, இரண்டு இரவுகளுக்கும் சேர்த்து நடந்த பதினெட்டு மோதல்களில் இரண்டை மட்டுமே புதிய சூழலுக்காக முற்றிலும் மாற்றி யோசித்தார்கள். மற்றவை மைதானத்துக்காக எழுதப்பட்டு, சிறு கூடத்துக்குள் அப்படியே கொண்டுவரப்பட்டவை. எல்லாவற்றையும் திரைப்படமாக எடுத்திருக்க இரண்டு நாள் போதாது. ஆனால் ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் அடக்கியிருக்க முடியும். மே 10 அன்று நடந்த அடுத்த கட்டண நிகழ்ச்சியான மனி இன் தி பேங்கில், கனெக்டிகட்டில் உள்ள தலைமை அலுவலகத்தின் தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிவரை ஏறிக்கொண்டே மோதும் அமைப்பைக் கொண்டுவந்தபோது, ஏப்ரலில் கற்ற பாடம் ஓரளவு தெரிந்தது.

அவசரத்துக்குச் செய்த ஏற்பாடுகளில் நிலைத்தது இரண்டு இரவு முறை மட்டுமே. பெருந்தொற்று ஓய்ந்து மைதானங்கள் நிறைந்த பின்னும் ரெஸ்ல்மேனியா ஆண்டுதோறும் இரண்டு இரவாகவே நடக்கிறது; சீட்டும் இரண்டு முறை விற்கிறது.